வீட்டு வாசலில் நின்ற இணையம்: அமெரிக்கப் பள்ளிக் குடும்பங்களும் மாதக் கட்டணமும்

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்குக் கணினியையும் இணையத்தையும் கொண்டுசேர்க்க நடந்த முயற்சிகளின் வரலாறு தொலைபேசிக் கட்டணத்திலிருந்து தொடங்குகிறது. நாட்டு மக்கள் அனைவருக்கும் நியாயமான கட்டணத்தில் தந்தியும் தொலைபேசியும் கிடைக்க வேண்டும் என்பதை 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் அரசின் நோக்கமாக அறிவித்ததோடு, அதை மேற்பார்வையிடக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்தையும் நிறுவியது. அரை நூற்றாண்டுக் காலம் இந்த வாக்குறுதியைப் பெரும்பாலும் ஏடி அண்ட் டி நிறுவனமே, தொலைதூர அழைப்புகளில் ஈட்டிய வருவாயைக் கொண்டு உள்ளூர்க் கட்டணத்தைக் குறைவாக வைத்திருந்ததன் வழியாக நிறைவேற்றி வந்தது. 1984இல் அந்நிறுவனம் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டபோது உள்ளூர்க் கட்டணம் ஏறி ஏழைகள் இணைப்பைத் துண்டித்துக்கொள்ள நேரிடும் என்ற அச்சம் எழுந்தது. அதற்கு விடையாக ரொனால்ட் ரேகன் ஆட்சிக் காலத்தில், 1985இல், ஏழைக் குடும்பங்களின் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுக்கும் லைஃப்லைன் திட்டம் பிறந்தது.

இணையம் பரவத் தொடங்கிய 1996ஆம் ஆண்டில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம் இந்த ஏற்பாட்டை விரிவாக்கியது. தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் பங்குத்தொகை பெற்று (அத்தொகை கடைசியில் வாடிக்கையாளர் தலையிலேயே விழுகிறது என்பது வேறு) ஒரு பொது நிதியைப் பேணவும், பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் தள்ளுபடி விலையில் இணைப்புக் கொடுக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. ஸ்னோ, ராக்கஃபெல்லர், எக்ஸான், கெர்ரி ஆகிய நான்கு செனட்டர்கள் முன்மொழிந்த இந்தப் பிரிவிலிருந்து உருவானதே ஈ-ரேட் எனப்படும் திட்டம். ஆண்டுக்கு 225 கோடி டாலர் உச்சவரம்புடன் தொடங்கிய அது, பள்ளியின் வறுமை நிலைக்கு ஏற்ப 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி அளித்தது. அதன் பயன் மறுக்க முடியாதது: 1994இல் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் 3 விழுக்காட்டில் மட்டுமே இருந்த இணைய இணைப்பு, 2005இல் 94 விழுக்காட்டை எட்டியிருந்தது. ஆனால் பின்னாளில் எழுந்த சிக்கலுக்கான வித்தும் இங்கேயே விழுந்தது. பள்ளிக்குள் இருக்கும் மாணவருக்கு ஈ-ரேட், வீட்டுக்குள் இருக்கும் ஏழைக்கு லைஃப்லைன் என்று உதவி இரண்டு வாய்க்கால்களில் பிரிந்து ஓடியதால், மாலையில் வீடு திரும்பிப் பாடம் செய்யும் பிள்ளை எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வரவில்லை.

கருவியைப் பொறுத்தவரை நிலைமை இவ்வளவு கடினமாக இருக்கவில்லை. மெய்ன் மாநில ஆளுநர் ஆங்கஸ் கிங், எதிர்பாராமல் கிடைத்த வரவுசெலவு உபரியைக் கொண்டு ஒவ்வோர் ஏழாம் வகுப்பு மாணவருக்கும் மடிக்கணினி கொடுக்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் முன்மொழிந்து, பலத்த எதிர்ப்புக்கிடையே 2002இல் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தார். மடிக்கணினி ஒருமுறைச் செலவாதலால், உபரி வந்த ஆண்டில் வாங்கிவிடலாம். மேடையில் நின்று கையில் கொடுக்கவும் முடியும். இணைப்போ மாதந்தோறும் வந்து நிற்கும் கட்டணச் சீட்டு. கொடுக்கத் தொடங்கியவர் நிறுத்தினால் அடுத்த மாதமே வீடு இருளும். அரசுகள் கருவியை விரும்பியதற்கும் இணைப்புக்குத் தயங்கியதற்கும் இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

வீட்டு இணைப்பில் முதல் பெரிய நகர்வு நலத்திட்டமாக அல்லாமல் வணிகப் பேரமாக வந்தது. காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் என்பிசி யுனிவர்சலைத் தன்னுடன் இணைத்துக்கொள்ள ஆணையம் 2011 ஜனவரியில் ஒப்புதல் அளித்தபோது, ஏழை மாணவர் வீடுகளுக்குக் குறைந்த விலையில் இணையம் தருவதும் அதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டே இன்டர்நெட் எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அத்திட்டத்தில் மாதக் கட்டணம் 9.95 டாலராக இருந்தது; 150 டாலருக்குள் ஒரு கணினியும் வாங்கிக்கொள்ள முடிந்தது. அதன் தொடக்கக்காலத் தகுதி விதிகள் நுணுகிப் பார்க்கத்தக்கவை. பிள்ளை பள்ளியில் இலவச மதிய உணவு பெறுபவராக இருக்க வேண்டும். முந்தைய 90 நாட்களில் அவ்வீட்டில் அந்நிறுவனத்தின் இணைய இணைப்பு இருந்திருக்கக் கூடாது. பழைய பாக்கியும் இருக்கக் கூடாது. அரைப்பட்டினி கிடந்தேனும் பிள்ளையின் படிப்புக்காக முழுக் கட்டணம் கட்டிவந்த தாய் 90 நாள் விதியால் வெளியே நின்றார். கட்ட முடியாமல் பாக்கி வைத்தவரும் வெளியேதான் நின்றார். தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட வேகமும் நொடிக்கு 1.5 மெகாபிட் மட்டுமே.

இலவச உணவுப் பட்டியல் இவ்வாறு அளவுகோலானது தற்செயலன்று. குடியரசுத் தலைவர் ட்ரூமன் காலத்தில், 1946இல், சட்டமாகிய தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில், குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்கு மேற்படாத பிள்ளைகளுக்கு உணவு இலவசம். 185 விழுக்காடு வரையுள்ளோர்க்குக் குறைந்த விலை. வருமானம் கேட்காமல் வரிசையில் அமர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறிடும் சத்துணவுக் கூடத்தைக் கண்டு பழகிய தமிழ் வாசகருக்கு இந்தப் பிரிப்பு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு பள்ளியின் வறுமையை அளக்க அமெரிக்க நிர்வாகத்தின் கையில் இருந்த நம்பகமான ஏடு அதுவே என்பதால், ஈ-ரேட் தள்ளுபடியும் அதைக் கொண்டே கணக்கிடப்பட்டது.

கருவி மட்டும் வந்து இணைப்பு வராதபோது என்ன ஆகும் என்பதைக் கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கு வெளிச்சமிட்டது. பாலைநிலத்தில் பாசனம் பாய்ச்சிப் பேரீச்சையும் திராட்சையும் விளைவிக்கும் அப்பகுதியில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல நகர்த்தக்கூடிய வீடுகளில் வாழ்கின்றன. அங்குள்ள பள்ளி மாவட்டம், அதாவது ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் தன்னாட்சி அமைப்பு, வாக்காளர் ஒப்புதலுடன் திரட்டிய கடன்பத்திர நிதியிலிருந்து மாணவர் அனைவருக்கும் ஐபேட் கொடுத்தது. பிள்ளைகள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றபோது அங்கே இணையம் இல்லை. ஆகவே பள்ளிப் பேருந்துகளில் வைஃபை கருவியைப் பொருத்தி, இரவில் அவை பணிமனைக்குத் திரும்பாமல் குடியிருப்புகளுக்கருகிலேயே நிற்கும்படி செய்தனர். எஞ்சின் ஓடாத வேளையில் மின்கலம் தீர்ந்துபோகும் என்பதால் கூரையில் சூரியத் தகடுகள் ஏற்றப்பட்டன. பேருந்தின் அலை எட்டும் தூரம் சிறிது. எட்டிய வீட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

பள்ளி முடிந்தபின் வீட்டில் தோன்றும் இந்தக் குறையை ஆணையத்தின் உறுப்பினர் ஜெசிகா ரோசன்வோர்சல் வீட்டுப்பாட இடைவெளி என்று அழைத்தார். பள்ளிப் பிள்ளைகள் உள்ள ஏறத்தாழ 50 லட்சம் வீடுகளில் அகலக்கற்றை, அதாவது எப்போதும் இயங்கும் அதிவேக இணைப்பு, இல்லை என்று பியூ ஆய்வு மையம் 2015இல் கணித்தது. மறு ஆண்டு லைஃப்லைனின் மாத உதவியான 9.25 டாலரை இணையத்துக்கும் பயன்படுத்த ஆணையம் இசைந்தபோதும், அத்தொகை வீட்டு இணைப்பின் சந்தை விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டதும் வீடே வகுப்பறையாயிற்று. இரண்டு வாய்க்கால்களும் கலக்கத் தொடங்கின. சிகாகோ பள்ளி நிர்வாகம் அவ்வாண்டு ஜூனில் சுமார் ஒரு லட்சம் மாணவருக்கு நான்காண்டு இணைப்பை அறிவித்து, கட்டணச் சீட்டைக் குடும்பத்துக்கு அனுப்பாமல் தானே நிறுவனங்களுக்குச் செலுத்தியது. 2021இல் நாடாளுமன்றம் ஒதுக்கிய 717 கோடி டாலர், பள்ளிகளும் நூலகங்களும் தம் வளாகத்துக்கு வெளியில் பயன்படும் கருவிகளையும் இணைப்புகளையும் வாங்க உதவியது. அவ்வாண்டு மே மாதம் தொடங்கிய அவசர அகலக்கற்றை உதவித் திட்டம் தகுதியுள்ள வீட்டுக்கு மாதம் 50 டாலர் வரை கொடுத்தது. அதன் வழித்தோன்றல் 1,420 கோடி டாலர் நிதியுடன் வந்து, தொகையை 30 டாலராகக் குறைத்தாலும், 2 கோடியே 30 லட்சம் வீடுகளுக்கு மேல் சென்றடைந்தது. ஏழைப் பள்ளிகள் பலவற்றில் அதற்குள் உணவு எல்லோர்க்கும் இலவசமாகியிருந்ததால், அத்தகைய பள்ளியில் பிள்ளை படிப்பதே தகுதியாகக் கொள்ளப்பட்டு, வருமானச் சான்றுக்கு அலையும் வேலையும் குறைந்தது.

ஆயினும் அந்த 30 டாலர் உதவி நிலையான பொது நிதியிலிருந்து வராமல் ஒரேயொரு ஒதுக்கீட்டிலிருந்து வந்தது. 2024 பிப்ரவரியில் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. ஜூன் முதல் நாளில் திட்டமே முடிந்தது. இதற்கிடையே பள்ளிப் பேருந்து வைஃபைக்கும், மாணவருக்கு இரவல் கொடுக்கும் ஹாட்ஸ்பாட் எனும் கையடக்க இணையக் கருவிகளுக்கும் ஈ-ரேட் நிதியைத் திறந்துவிட்டிருந்த ஆணையம், தலைமை மாறிய பின்னர், 1996ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய செலவுக்கு இடமளிக்கவில்லை என்று கூறி 2025 செப்டம்பரில் இரண்டையும் திரும்பப் பெற்றது. நியூயார்க் மாநிலம் மட்டும் வேறு வழியில் சென்றிருந்தது: உதவித்தொகை கொடுப்பதற்குப் பதிலாக, நிறுவனங்கள் ஏழை வீடுகளுக்கு நொடிக்கு 25 மெகாபிட் வேகமுள்ள இணைப்பை மாதம் 15 டாலருக்கு மேற்படாமல் தர வேண்டும் என்று அது 2021இல் சட்டமியற்றியது. நிறுவனங்கள் தொடுத்த வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் மறுத்துவிட, மறுமாதம் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏடி அண்ட் டி தன் கம்பியில்லா வீட்டு இணையச் சேவையை அம்மாநிலத்திலிருந்து விலக்கிக்கொண்டது.