சாட்சி சொல்ல ஆளில்லாத குற்றம்

"ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லையே, பிறகென்ன?" றோட்டில் மோட்டார் சைக்கிள் சாகசம் காட்டுற பெடியள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. யப்பானில் இதற்குச் சட்டம் சரியான பதில் சொல்ல 26 வருடம் எடுத்தது.

அங்கே 'போசோசோக்கு' எனப்பட்ட இளைஞர் குழுக்கள் சைலன்சரைக் கழற்றிவிட்டு, சிவப்பு விளக்கையும் மதியாமல், வீதியை அடைத்து வளைந்து நெளிந்து ஓடின. 1978இல் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு புதுக் குற்றம் சேர்க்கப்பட்டது: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் கூட்டாக ஓடி ஆபத்தோ பெருந்தொல்லையோ விளைவிப்பது. ஆனாலும் 1982இல் அவர்களின் தொகை 42,000ஐத் தாண்டியது.

சிக்கல் எங்கே? உண்மையில் பாதிக்கப்பட்ட ஒருவரைப் பொலிஸ் காட்டவேண்டியிருந்தது. பழிவாங்குவாங்கள் என்ற பயத்தில் சனம் வாய் திறக்கவில்லை. 2004ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தத் தேவையை நீக்கியது. பாதிக்கப்பட்டவர் என்று ஒருவரும் முன்வராவிட்டாலும், அப்படி ஓடியதே குற்றம்.

இதனால் பொலிஸின் கை ஓங்கியது உண்மைதான். ஆனால் அதுவரை, பயந்தவர்களின் மௌனத்தைத்தான் சட்டம் "ஒண்டும் ஆகேல்லை" என்று வாசித்துக்கொண்டிருந்தது.