தபாலில் தொடங்கிய வகுப்பு

டெக்சாஸ் அரசுக் கல்லூரியில் பட்டம் வாங்க, அரசியல் பாடத்தில் ஆறு கிரெடிட் எடுத்தே தீர வேண்டும், சட்டம் அப்படி. கணக்கியல் படிக்க வந்த எனக்கும் விலக்கில்லை. பிள்ளைகள் தூங்கியபின் ஆன்லைனில் படிக்கிறேன். ஞாயிறு இரவு 11.59க்கு வினாடி வினா மூடிவிடும். அந்தக் கடிகாரத்தோடுதான் தினமும் மல்லுக்கட்டு.

வீட்டிலிருந்தே கல்லூரிப் பாடம் என்பது இணையம் கொண்டுவந்த புதுமையல்ல. வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் 1880களிலேயே தபாலில் எபிரேயம் கற்பித்தவர். 1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தபோது, அதன் முதல் தலைவராக அஞ்சல்வழிப் படிப்பையும் சேர்த்தே தொடங்கினார். அதே நகரில் 1956இல் தொலைக்காட்சிக் கல்லூரி வந்தது. வீட்டு வேலைக்கு நடுவே அதைப் பார்த்துக் குறிப்பெடுத்த பெண்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பு.

இந்த வாரப் பாடம், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள். மொத்தம் 85, ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் எழுதியவை. 1787 அக்டோபர் முதல் நியூயார்க் பத்திரிகைகளில் தொடராக வந்தன. அதுவும் ஒருவகை அஞ்சல்வழிக் கல்விதான், தேர்வு மட்டும் இல்லை! மேடிசனின் 10ஆம் கட்டுரையை இருமுறை படித்தேன். கோஷ்டிப் பூசலை ஒழிக்க முடியாது, அடக்கத்தான் முடியும் என்கிறார். எங்கள் குடியிருப்போர் சங்கத்தைப் பார்த்தவர் மறுக்கமாட்டார்.

பாடப்புத்தகம் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியீடு. இணையத்தில் இலவசம்.