பால்மரத்திலிருந்து பாறையேறி வண்டி வரை



கையில் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. சற்றுத் தொலைவில், முழங்கை நீளமே உள்ள ஒரு சிறு வண்டி பாறைமீது மெல்ல மெல்ல ஏறுகிறது. இதனை ஆங்கிலத்தில் 'ராக் கிராலர்' என்பர். நாம் பாறையேறி வண்டி என்று அழைக்கலாம். ஈப்போவில் பொழுதுபோக்கு மாதிரிகளை விற்கும் கடைகளில் இதனை இரு வகையாகக் காணலாம். ஒன்று, வாங்கியவுடன் ஓட்டக்கூடியது. மற்றொன்று, திருகாணி முதல் சக்கரம் வரை தனித்தனியாகப் பெட்டியில் வரும் 'கிட்'. சென்ற பள்ளி விடுமுறையில் என் மகனும் நானும் இரண்டாம் வகையைத் தேர்ந்தெடுத்துக் கட்டினோம்.

"இது பணக்காரர் வீட்டுப் பொழுதுபோக்கு, தமிழ்ப்பள்ளிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

சக்கரத்தின் கதை

பாறையேறி வண்டியின் உயிர் அதன் சக்கரத்தில் உள்ளது. மென்மையான ரப்பர்ச் சக்கரம் பாறையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப நசுங்கிப் பற்றிக்கொள்கிறது. ரப்பர் என்றவுடன் நம் பேராக் மாநிலம் நினைவுக்கு வர வேண்டும். 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர் வந்தடைந்த ரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பட்டு, அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப் பேராளர் ஹியூ லோவின் இல்லத்தருகே நடப்பட்டன. 1888இல் ஜான் டன்லப் காற்றடைத்த சக்கரத்தை உருவாக்கினார். 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' வெளிவந்தது. மகிழுந்துகள் பெருகப் பெருக ரப்பரின் தேவையும் பெருகியது. அத்தேவையை நிறைவு செய்ய நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தனர்.

அவர்கள் விடியற்காலையில் வெட்டிய பால், தட்டு ரப்பராகிக் கப்பலேறியது. அது சக்கரமாகவும் பொம்மையாகவும் உருமாறித் திரும்பி வந்தபோது, வாங்குவதற்கு நம்மிடம் பணமில்லை. மூலப்பொருளைக் கொடுத்தவன் ஒருவன். அதனைப் பொருளாக்கும் கலையைக் கற்றவன் வேறொருவன். இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தொலைவிலிருந்து கட்டளை

கம்பியின்றித் தொலைவிலுள்ள பொருளை இயக்கும் எண்ணம் மேலை நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. 1890களின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மின்காந்த அலைகளைச் சுவர்களுக்கு ஊடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1898இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, கம்பியின்றி அதனை இயக்கிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1906இல் ஸ்பெயின் நாட்டின் பில்பாவோ நகரில் டோரஸ் கெவெடோ, மன்னரின் முன்னிலையில் ஒரு படகைக் கரையிலிருந்தே செலுத்தினார்.

ஆசிரியர்கள் இங்கு ஒன்றை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டலாம். அலை படகைத் தள்ளவில்லை. அது கட்டளையை மட்டுமே சுமந்து சென்றது. படகை நகர்த்திய ஆற்றல் அதனுள்ளே இருந்த மின்கலத்தினுடையது. இன்றைய வண்டியிலும் அதே முறைதான். கட்டளை வேறு, ஆற்றல் வேறு. லண்டனில் அமர்ந்திருந்த நிறுவனங்களின் கட்டளைக்கு நம் தோட்டங்களில் உழைத்த கைகளை எண்ணிப் பார்த்தால், இப்பாடம் அறிவியலோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பது புரியும்.

பெட்டிக்குள் வந்த வண்டி

1946இல் ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கியது தமியா நிறுவனம். பின்னர் மர மாதிரிகளைச் செய்தது. அதன் பிறகு நெகிழி மாதிரிகளுக்கு மாறியது. 1976இல் 'போர்ஷே 934' எனும் பந்தய மகிழுந்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவிலான மாதிரியைத் தொலைக்கட்டுப்பாட்டு வண்டியாக வெளியிட்டது. வாங்குபவரே கட்டி முடிக்க வேண்டிய வண்டி அது. 1981இல் மூன்று வேக நிலைகள் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வந்தது. 1987இல் 'கிளாட் பஸ்டர்' வந்தது. முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார், நான்கு சக்கரங்களும் திரும்பும் அமைப்பு ஆகியவை அதன் சிறப்புகள். பிற்காலத்தில் ஆர்வலர்கள் இவ்வண்டியைத் தம் கைப்பட மாற்றியமைத்துப் பாறைகளில் ஏற்றினர்.

உண்மையான வாகனங்களில் பாறையேறும் வழக்கம் அதற்கும் முந்தியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ரூபிகன் பாதையில் ஜீப் ஓட்டுநர்களின் கூட்டுப் பயணம் 1953இல் தொடங்கியது. நம் நாட்டிலோ, மழைக்காலச் சேற்றையும் ஆற்றையும் கடக்கும் 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போட்டி 1997இல் தொடங்கியது. சிறு வண்டி உலகில் 2007இல் ஆக்சியல் நிறுவனம் பாறையேறுவதற்கென்றே வடிவமைத்த 'ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன்' கிட்டை வெளியிட்டது. கைப்பட மாற்றியமைத்தவர்களின் முயற்சி இவ்வாறு கடைப்பொருளாயிற்று.

கட்டும்போது கற்பவை

நாங்கள் கட்டிய வண்டிக்குப் பல மாலைப்பொழுதுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு பாகமும் ஒரு கேள்வியை எழுப்பியது.

முதல் கேள்வி: வண்டி ஏன் மெதுவாகச் செல்ல வேண்டும்? மோட்டார் ஏறக்குறைய நாற்பது முறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும் வண்ணம் பற்சக்கரங்களை அமைக்கிறார்கள். வேகத்தை இழந்து விசையைப் பெறுகிறோம். அறிவியல் பாடத்தில் எளிய எந்திரங்களைக் கற்பிக்கும்போது நாம் கரும்பலகையில் வரைந்து காட்டுவதை, இங்கே விரலால் சுழற்றியே உணரலாம்.

இரண்டாவது கேள்வி: ஓர் அச்சின் இரு சக்கரங்களும் ஏன் ஒன்றாகச் சுழல வேண்டும்? மகிழுந்து வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவு ஓடவேண்டும். அதனால் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்திருப்பார்கள். பாறையில் அந்த ஏற்பாடு உதவாது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதுமட்டும் வீணே சுழன்று மற்றது நின்றுவிடும். ஆகவே இரண்டையும் பூட்டிவிடுகிறார்கள்.

மூன்றாவது கேள்வி: கனமான மின்கலத்தை எங்கே வைப்பது? இயன்றவரை தாழ்வாகவும் முன்புறமாகவும் வைத்தால், செங்குத்தான ஏற்றத்தில் வண்டி பின்புறமாகக் கவிழாது. ஈர்ப்பு மையம் என்ற சொல்லை மனப்பாடம் செய்யாமலேயே என் மகன் அதன் பொருளை அறிந்துகொண்டான்.

வண்டி முழுமை பெற்றபின் ஈப்போவுக்கு வெளியே ஓர் ஓடைக்கரையில் ஓட்டினோம். ஒரு பாறையில் முன்சக்கரம் நழுவியது. மகன் ஓடிச்சென்று கையால் தூக்கிவிடவில்லை. குனிந்து பார்த்தான், வண்டியைப் பின்னுக்கு எடுத்தான், கோணத்தை மாற்றி மீண்டும் ஏற்றினான். தானே கட்டிய பொருள் என்பதால் அந்தப் பொறுமை அவனுக்கு வந்தது.

நம் பிள்ளைகளின் வண்டி

இக்கலை நமக்குப் புதியதன்று. நான் வளர்ந்த தோட்டத்து லயங்களில் கடை பொம்மைகள் அரிது. மத்தி மீன் டின்னை நீளவாக்கில் வைத்து, தேய்ந்த சிலிப்பரின் அடிப்பகுதியை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கி, குச்சியை அச்சாகச் செருகிக் கயிறு கட்டி இழுப்போம். செம்மண் மேட்டில் எவன் வண்டி கவிழாமல் ஏறுகிறதோ அவனே வெற்றியாளன். சக்கரம் பெரிதாக இருந்தால் மேடு எளிது, டின்னுக்குள் கல்லை வைத்தால் கவிழாது என்பதெல்லாம் எங்களுக்கு யாரும் கற்பிக்காத பாடங்கள். பெட்டியில் வந்த கிட் எனக்குக் கற்பித்ததும் அதே பாடங்கள்தாம்.

பின்னர்த் தோட்டங்கள் பல கைமாறின. ரப்பர் இருந்த இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. மக்கள் நகர்ப்புறத்திற்குக் குடிபெயர்ந்தனர். வருமானம் உயர்ந்தது, பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்க முடிந்தது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், வறுமையோடு சேர்ந்து செய்யும் பழக்கமும் போய்விட்டது. வறுமை போகட்டும்; கைத்திறன் ஏன் போகவேண்டும்?

தொலைக்கட்டுப்பாட்டு வண்டிகளின் உலகிலும் இதே மாற்றம் நிகழ்ந்துள்ளது. கட்டி முடிக்கப்பட்ட வண்டிகளே இன்று பெருமளவில் விற்பனையாகின்றன. பிள்ளை பெட்டியைத் திறக்கிறான், ஓட்டுகிறான். உடைந்தால் மூலையில் வைக்கிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் ஏற்படுவதில்லை.

பெற்றோர்களே, பல நூறு ரிங்கிட் செலவழித்து அனைவரும் கிட் வாங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. பழுதடைந்த பொம்மை வண்டி ஒன்றைக் குப்பையில் போடுமுன், மின்கலத்தை அகற்றிவிட்டு, ஒரு திருப்புளியோடு பிள்ளையிடம் கொடுங்கள். அவன் பிரித்துப் பார்க்கட்டும். ஆசிரியர்களே, பற்சக்கரப் பாடத்தைப் படத்தோடு முடித்துவிடாமல், அத்தகைய வண்டி ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். டின் வண்டியும் செய்யச் சொல்லுங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

உலகின் சக்கரங்களுக்குப் பால் கொடுத்த சமூகம் நாம். அச்சக்கரம் எவ்வாறு சுழல்கிறது என்பதை அறிந்த தலைமுறையும் நம்மிடமிருந்து வரவேண்டும்.

நீங்கள் வளர்ந்த தோட்டத்தில் என்னென்ன விளையாட்டுப் பொருள்களைச் செய்தீர்கள்? எழுதி அனுப்புங்கள். செய்த விதத்தையும் சேர்த்து எழுதுங்கள். நம் மாணவர்களைக் கொண்டு மீண்டும் செய்து பார்ப்போம்.