சந்திப்பு ஆணையும் பிள்ளையின் விருப்பமும்

பிரிந்து வாழும் தாயை அல்லது தந்தையைப் பிள்ளை குறித்த நாள்களில் சந்திக்க வேண்டுமென நீதிமன்றம் ஆணையிடுவதுண்டு. பதினைந்து வயதுப் பிள்ளை "போகமாட்டேன்" என்று மறுத்தால்? திருப்பூரானாலும் தில்லியானாலும் சட்டநெறி ஒன்றே.

1890-ஆம் ஆண்டின் காப்பாளர், காப்பிலுள்ளோர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, காப்பாளரை நியமிக்கும்போது, விவரமறிந்து விருப்பம் சொல்லும் வயதுடைய பிள்ளையின் எண்ணத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்கிறது. சந்திப்பு வழக்குகளிலும் பிள்ளையின் விருப்பம் கேட்கப்படுகிறது. சென்னையிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில், 1973-இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்லர் என்றது. 2020-இல் யஷிதா சாகு வழக்கில், பெற்றோர் இருவரின் அன்பையும் பெறுவது பிள்ளையின் உரிமை என்றது.

ஆகவே மறுப்பு மட்டுமே முடிவாகாது. அது பட்ட அனுபவமா, பிறர் ஊட்டிய வெறுப்பா என்று நீதிபதி பிள்ளையிடம் தனியே பேசி அறியலாம். பெற்றோரின் வெற்றி தோல்வியன்று, பிள்ளையின் நலனே அளவுகோல்.