செவிலி என்ற சொல்லும் நம் மலையும்



இன்று மே 12. காலையிலிருந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால் ரோஜாப்பூவும் கைவிளக்கு ஏந்திய அம்மையாரும்தான். 1820-இல் இதே நாளில் பிறந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலுக்காக, சர்வதேசச் செவிலியர் மன்றம் 1974-இல் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தது. நம் மத்திய அரசு அதற்கு முந்தைய ஆண்டே அவர் பெயரில் ஒரு தேசிய விருதை ஏற்படுத்திவிட்டது. வாழ்த்துச் சொல்வது நல்லதுதான். ஆனால் வாழ்த்தை அனுப்பிய அதே கை மறுநாள் வார்டில் விரலைச் சொடுக்கி "சிஸ்டர், இங்க வா" என்கிறதே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதைக் கொஞ்சம் பார்க்கலாம். பதிவு நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

தமிழில் இந்த வேலைக்குக் கிடைத்த சொல் மிகப் பழையது. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. அகப்பாடல்களில் பேசும் உரிமை உள்ளவர்களில் ஒருத்தி அவள். தலைவி உடன்போக்காகக் கிளம்பிவிட்டால், பாலை வழியில் எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு தேடிப்போகிறவளும் அவள்தான். நற்றாய் வீட்டில் இருந்து புலம்புவாள். எவ்வளவு கௌரவமான இடம் பாருங்கள்!

அந்தக் கௌரவம் ஆஸ்பத்திரி நர்சுக்குக் கிடைக்கவில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் வெறும் நான்கு பேர். காரணம் ஊரறிந்தது. முன்பின் தெரியாத ஆணின் உடம்பைத் தொட வேண்டும், மலம் சிறுநீர் எடுக்க வேண்டும், எல்லாச் சாதிக்காரரின் புண்ணையும் கழுவ வேண்டும், ராத்திரி வீட்டுக்கு வெளியே தங்க வேண்டும். எந்தக் குடும்பம் பெண்ணை அனுப்பும்? வந்தவர்கள் பெரும்பாலும் மிஷன் பள்ளிகளில் படித்த கிறிஸ்தவப் பெண்கள், ஆங்கிலோ இந்தியர், ஆதரவற்ற விதவைகள். வேலையின் மேல் இருந்த அருவருப்பு, வேலை செய்தவர் மேலும் ஒட்டிக்கொண்டது. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், பேறுகால உதவியாளர்களுக்குத் தனிச் சட்டமே வந்து, பதிவேட்டில் பெயர் ஏறியது. ஆனாலும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. 1946-இல் வந்த போர் குழு அறிக்கையின் கணக்கு இது: ஒரு டாக்டருக்கு 6,300 பேர், ஒரு நர்சுக்கு 43,000 பேர். டாக்டரை விட நர்ஸ் ஏழு மடங்கு அரிது! வேறு எந்த நாட்டில் இப்படித் தலைகீழாக இருக்கும் என்று தெரியவில்லை, நான் கேள்விப்பட்டதில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். வெள்ளைக்காரன் இங்கே ஏறியதே உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான். வெலிங்டன் பாளையம் எழுந்ததும் சிப்பாய்களுக்குக் குளிர்காற்று வேண்டும் என்றுதான். நைட்டிங்கேல் அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் இங்குள்ள ராணுவத்தின் சுகாதாரம் பற்றி லண்டனில் இருந்தபடியே பக்கம் பக்கமாக எழுதினார். 1888-இல் முதல் ராணுவ நர்சுகள் பம்பாயில் வந்து இறங்கினார்கள். அவர்கள் வந்தது வெள்ளைச் சிப்பாய்களுக்காக. மலையின் சொந்தக்காரர்களுக்கு நர்ஸ் கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

தோடர்களைச் சொல்கிறேன். 1901 கணக்கெடுப்பில் எண்ணூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். 1952-இல் 475. இந்த இனம் முடிந்துவிடும் என்றே ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள். வெளியாட்களின் வரவோடு வந்த பால்வினை நோயால் மந்துகளில் குழந்தை பிறப்பதே குறைந்துபோனது. மருந்து இல்லாமல் இல்லை, அந்தச் சமயத்தில் பெனிசிலின் வந்துவிட்டது. ஆனால் அதை யார் போடுவது? எருமைத் தொழுவத்துக்குப் பக்கத்தில், குனிந்து நுழையும் வாசல் உள்ள வீட்டில் இருக்கும் ஒரு தோடப் பெண், பாஷை தெரியாத ஆண் டாக்டரிடம் இப்படிப்பட்ட நோயைப் பற்றி எப்படி வாய் திறப்பாள்?

அவர்கள் இனத்திலேயே ஒரு பெண் இருந்தார். ஈவம் பில்ஜைன். மிஷன் பள்ளியில் படித்து, இங்கிலாந்தில் நர்ஸ் பயிற்சி பெற்றவர். அங்கேயே வேலை பார்த்துச் சௌகரியமாக இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். 1950களில் நடமாடும் மருத்துவக் குழுவோடு மந்து மந்தாகப் போனார். ஊசி போட்டதோடு, தோட மொழியில் உட்கார்ந்து பேசினார். பிறப்பு விகிதம் மெல்ல ஏறியது. இன்று தோடர் எண்ணிக்கை ஆயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. ஊட்டிக்கு வருகிற சுற்றுலாப் பயணி தோடர் சால்வையை வாங்குகிறார், வீட்டு முன்னால் நின்று படம் எடுக்கிறார். அந்த வீட்டில் குழந்தை இருப்பதற்கு ஒரு நர்சும் காரணம் என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியாது. நைட்டிங்கேலைப் பற்றிக் கேட்டால் ஒப்பிப்பார்கள்.

அந்தமானில் ஓங்கே மக்களிடையே வேலை பார்த்த துணைச் செவிலியர் சாந்தி தெரசா லக்ராவுக்கு 2011-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு நம் மந்துகள்தான் ஞாபகம் வந்தன.

எஸ்டேட் கதை வேறு. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியும் குழந்தைக் காப்பகமும் கட்டாயம் என்றது. காகிதத்தில் டாக்டர். டிஸ்பென்சரியில் பல நாள் இருந்தது கம்பவுண்டரும் நர்சம்மாவும்தான். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்த குடும்பங்கள் டான்டீ தோட்டங்களில் குடியேறின. அவர்களின் லயங்களில் ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலி என்று கதவைத் தட்டினால், டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, அட்டைக்கடியோடு, காட்டெருமை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடந்து போனவர்கள் அவர்கள். 1971-இல் உபாசி தொடங்கிய தொழிலாளர் நலத் திட்டம், கொழுந்து பறிக்கும் பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்து, லயத்துக்கும் டிஸ்பென்சரிக்கும் இடையே பாலமாக்கியது. நல்ல யோசனை. தன் லயத்துக்காரி சொன்னால் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அதே யோசனையைக் கடைசி வரைக்கும் கொண்டுபோனவர்கள் கூடலூர்க்காரர்கள். 1990-இல் அஷ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கியது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் குடிகளிலிருந்து பெண்களை எடுத்து, அங்கேயே நர்சாகப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளியை முடிக்காதவர்களும் உண்டு. ஆஸ்பத்திரி என்றாலே காட்டுக்குள் ஓடிய மக்கள், கட்டில் பக்கத்தில் தன் பேச்சு பேசும் பெண் நிற்பதைப் பார்த்துப் படுத்தார்கள். அங்கே நர்ஸ் என்றால் டாக்டர் சொன்னதைச் செய்கிற ஆள் மட்டும் இல்லை. மருத்துவமனையை நடத்தும் சமூகத்தின் ஆள். நான் பார்த்தவரை, வேலையிடத்தில் நர்சுக்கு மரியாதை என்பதற்கு நம் மாவட்டத்தில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அரசாங்கம் எப்படி மதித்தது? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015-இல் தேர்வாகி, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பினார்கள். நடக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு கொரோனா வந்தது. கை தட்டினோம், ஹெலிகாப்டரில் இருந்து பூத் தூவினோம். அந்தக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை 2022 டிசம்பர் 31-ஓடு வீட்டுக்கு அனுப்பினார்கள். புத்தாண்டுக்கு முந்தின நாள்!

ஒரு வேண்டுகோள். உங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியிலோ, ஹட்டிக்குப் பக்கத்துச் சுகாதார நிலையத்திலோ இருந்த நர்சம்மா நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். எந்தத் தோட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு, என்ன செய்தார் என்று போதும். ஒரு நோட்டு போட்டு எழுதி வைக்கப்போகிறேன். கொலக்கம்பை, மஞ்சூர், பந்தலூர் பக்கத்து நண்பர்கள் முதலில் தொடங்கட்டும்.