தானா ராத்தா: தேயிலை மலையின் சிறு பட்டணம்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கேமரன் மலைக்குக் கார்கள் வரிசை பிடிக்கும். ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், குளிர்காற்று என்று ஒரே நாளில் பார்த்துவிட்டு இறங்கிவிடுவோர் அதிகம். ஓர் இரவு தங்கினால்தான் தானா ராத்தா பட்டணமும், அதைச் சுற்றிய தோட்டங்களில் நம்மவர்கள் உழைத்த உழைப்பும் கண்ணில் படும்.

பட்டணம்

பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலை மாவட்டத்தின் தலைமைப் பட்டணம் தானா ராத்தா. மலாய் மொழியில் இதற்குச் 'சமநிலம்' என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இப்பகுதிக்கு வந்ததால் மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. அதற்கு வெகு காலம் முன்பே செமாய் பூர்வக்குடியினர் இங்கு வாழ்ந்து வந்தனர். தாப்பாவிலிருந்து மலைச்சாலை அமைக்கும் பணி 1926-இல் தொடங்கி 1931-இல் நிறைவுற்றது.

போகும் வழி

பழைய பாதை தாப்பா வழியே செல்கிறது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர், முழுக்க வளைவுகள். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியும், பெத்தாய், தேன் விற்கும் பூர்வக்குடியினரின் கடைகளும் உண்டு. ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வரும் சாலை அகலமானது. வாந்தி, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அதுவே ஏற்றது. கோலாலம்பூரிலிருந்து தானா ராத்தாவுக்குப் பேருந்து வசதி உண்டு.

தேயிலை

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். செங்குத்தான காட்டைத் தோட்டமாக்கிய உழைப்பில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரிது. குளிரிலும் மழையிலும் முதுகில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்கள் அவர்கள். லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி என்று ஒரு வாழ்க்கையே இந்தச் சரிவுகளில் உருவானது. இன்று கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் இயந்திரம்தான். வேலையாட்களில் வெளிநாட்டவர் அதிகம். தோட்டத்தில் பிறந்த பலர் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். தாத்தா, பாட்டி தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் பிள்ளைகளை இங்கு அழைத்துவந்து, அந்தக் கதையைச் சொல்லிக் காட்டலாம்.

பிரிஞ்சாங்குக்கு அருகிலுள்ள சுங்கை பாலாஸ் தோட்டத்தில் தொழிற்சாலையைப் பார்க்கலாம். கொழுந்து வாடி, உருண்டு, நிறம் மாறி, காய்ந்து தூளாகும் வரை எல்லாக் கட்டங்களும் அங்கு நடக்கின்றன. திறந்திருக்கும் நாளைக் கேட்டறிந்து செல்வது நல்லது. பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி ஆலயம் உண்டு. 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையுச்சிக்கு அருகே பாசி படர்ந்த மேகக்காடு இருக்கிறது.

மலையின் நோவு

காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகள் வெட்டப்பட, மழையில் மண் கரைந்து ரிங்லெட் ஏரியில் படிகிறது. அந்த ஏரி, 1960-களில் மின்சாரத்திற்காகக் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம். 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீர் திறந்துவிடப்பட்டதும் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி அன்றிலிருந்து இன்னும் உரக்கக் கேட்கிறது.

செல்வோர் கவனத்திற்கு

வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே வாகன நெரிசல் மணிக்கணக்கில் நீளும். வார நாளில் செல்வது நல்லது. இரவில் குளிரும், குளிராடை வேண்டும். அடைமழைக் காலத்தில் மண்சரிவுச் செய்திகளைப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். பாசிக்காட்டில் மரப்பாதையை விட்டு இறங்கக் கூடாது. செடிகளைப் பிடுங்கவும் கூடாது. குப்பையைக் கையோடு கீழே கொண்டுவந்துவிட்டால், அடுத்து வருபவருக்கும் மலை மலையாகவே இருக்கும்.