வாட், ஜேம்ஸ் (1736–1819)

ஸ்காட்லாந்தின் கிரீனக்கில் பிறந்த கருவி வினைஞர், பொறியாளர். நீராவிப் பொறிக்குத் தனிக் குளிர்கலம் அமைத்தவர். நீராவிப் பொறியையே கண்டுபிடித்தவர் என்ற பரவலான கருத்து பிழையானது. தாமஸ் நியூகோமனின் பொறி 1712 முதலே சுரங்க நீரை இறைத்துவந்தது. அதன் மாதிரியொன்றைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பழுதுபார்த்தபோது, வாட் அதன் அடிப்படைக் குறையைக் கண்டார். நீராவியைக் குளிர்விக்க உருளைக்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சப்பட்டது. குளிர்ந்த உருளையைத் திரும்பச் சூடாக்குவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாயிற்று. நீராவியை வேறொரு கலத்துக்கு இழுத்து அங்கே குளிர்வித்தால் உருளை எப்போதும் சூடாகவே இருக்கும் என்பது 1765இல் அவர் கண்ட தீர்வு. 1769இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

மேத்யூ போல்டனின் முதலீடும், ஜான் வில்கின்சன் துல்லியமாகக் கடைந்து தந்த உருளைகளும் இன்றி இப்பொறி வணிகத்தில் வென்றிருக்காது என்பர். அது உண்மையே, ஆனால் அவை செயல்படுத்திய கருத்து வாட்டினுடையது. நிலக்கரி விலை மிகுந்த கார்ன்வால் சுரங்கங்கள், மிச்சமான எரிபொருளின் மதிப்பில் மூன்றிலொரு பங்கைக் கட்டணமாகச் செலுத்தியும் இப்பொறியை நாடியது அதன் தகுதிக்கு வலுவான சான்று. 1800 வரை நீட்டிக்கப்பட்ட காப்புரிமை பிறர் முயற்சிகளை முடக்கியது என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ள முடியாது: ஜோனதன் ஹார்ன்புளோவரின் கூட்டுப்பொறி அதனால் தடைப்பட்டது, உயரழுத்த நீராவியையும் வாட் ஆபத்தானதெனக் கருதி எதிர்த்தார். எனினும் அதே காலத்தில்தான் அவரது சுழல் இயக்கப் பொறி சுரங்கத்தைக் கடந்து ஆலைகளுக்குள் நுழைந்தது.